அரை அங்குலம் தையலுக்கு விட்ட பஃப்ஸ்

என் வீட்டுக்காரர் தையற்காரர். ஊரில் பாதிப் பேருடைய தோள் சாய்வு அவருக்கு மனப்பாடம். பெற்ற மகளின் மனசுதான் அவர் டேப்புக்கு அடங்கவில்லை. கூட வேலை பார்க்கும் கரீபியன் தீவுக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னதும், "அந்தப் பையன் மேல என் டேப் படாது" என்று சபதம் போட்டார். மாப்பிள்ளை கடையில் வாங்கிய கோட்டோடு கல்யாணத்தில் நின்றார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. நடுவில் சம்பளமில்லாத தபால்காரி நான்.

போன வாரம் மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்களாம். அப்பா இந்தத் தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாளாம். அப்படியே போய் இவரிடம் சொன்னேன். மறுநாள் காலை, "அந்த ஊர்ல என்ன சாப்பிடுவாங்களாம்?" என்று தையல் மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

மெஷினுக்குப் பதில் நான் மகளிடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மைதாவில் வெண்ணெயும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசைய வேண்டும். கொத்துக்கறியை வெங்காயம், மிளகாய், வாசனை இலைகளோடு சுருள வதக்கி, உள்ளே வைத்து மடித்து ஓவனில் சுட வேண்டும். நம் கறி பஃப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஞாயிறு காலை கழுத்தில் டேப்போடு சமையலறைக்குள் வந்தார். பழுப்புத் தாளில் வட்டமாகப் பேட்டர்ன் வெட்டி மாவின் மேல் வைத்தார்.

"எதுக்குங்க சுத்தி அரை அங்குலம் கூட?"

"தையலுக்கு விட வேணாமா?"

மடித்த ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினார், அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணி. கடைசி வரியை நான் படித்துக் காட்டினேன். "மேல நாலு இடத்துல குத்தணுமாம்."

"முடிச்ச வேலையில ஓட்டை போட நான் என்ன அந்துப்பூச்சியா?"

நாற்பது வருஷ அனுபவம் பேசும்போது நான் யார் குறுக்கே பேச. முதல் தட்டில் இருந்த பன்னிரண்டையும் குத்தாமலே ஓவனுக்குள் தள்ளினார்.

மகளும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்த நேரத்தில் உள்ளே ஒவ்வொன்றாக வெடித்தது. தட்டை வெளியே எடுத்தால், ஓரத் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. எல்லாம் நடு வயிற்றில் கிழிந்து கறியைக் கக்கியிருந்தன.

"எல்லாத்தையும் குப்பையில கொட்டு" என்று சொல்லிவிட்டு அறைப் பக்கம் நடந்தார். அந்தக் கதவைச் சாத்தினால் இந்தக் குடும்பம் அவ்வளவுதான். சமையலறை வாசலில் நின்ற மகள் பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள்.

மாப்பிள்ளை அவளைத் தாண்டி உள்ளே வந்தார். இன்னும் சுடாத தட்டை இழுத்து, முள்கரண்டியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். "ஆவி போகணும் மாமா. எங்க அம்மாவும் ஒரு தடவ மறந்துட்டாங்க." என் மகளிடம் கற்ற தமிழ், என் மகளைவிடச் சுத்தமாக இருந்தது. கிழிந்த ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றார். "காரம் சரியா இருக்கு."

அறை வாசலில் இவர் திரும்பினார். பார்வை மாப்பிள்ளையின் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது.

"இந்தக் கோட்டை எவன் தச்சான்?"

"கடையில வாங்கினது மாமா. கல்யாணத்துக்கு."

இவர் கிட்டே வந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மஞ்சள் அப்பிய டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார்.

"கையை நீட்டுங்க மாப்பிள்ளை."

தோள், மார்பு, கை என்று ஒவ்வொன்றாக அளந்து சொல்லிக்கொண்டே போனார். பள்ளிக்கூட நாட்களில் தையல் கடையில் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது மகளின் வேலை. பை எப்போது கீழே இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. வெட்டி மிச்சமான பழுப்புத் தாளில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியாம்மா?" என்றார் அவளைப் பார்த்து.

"எழுதிட்டேன்ப்பா."

அடுத்த தட்டை ஓவனில் வைக்கவேண்டும் என்ற நினைப்பு அங்கே ஒருவருக்கும் இல்லை. நான்தான் வைத்தேன்.