அறுபத்திரண்டாவது மூட்டை

ஜெயராணி வாயிலிருந்து 'சுத்தம்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் எங்கள் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிற வழியில், மருந்துக் கடைக்கும் என் பைண்டிங் கடைக்கும் நடுவில் அவள் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் மாதா படம். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் தீசிஸ் டைப் அடிக்க அங்கேதான் வருவார்கள். அவள் அடித்துக் கொடுக்கிற தாள் என்னிடம் வரும். நான் தைத்து, அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து பதிப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தப் புத்தகங்களில் தெரிந்தது பக்க எண் மட்டும்தான்.

யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் அதை முதலில் ஆன்டிவைரஸில் ஓட்டுவாள். திரையில் பச்சை வந்த பிறகுதான் தொடுவாள். "சுத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் அப்பா சார்லஸ், கடலூர் முதுநகரில் சர்ச்சைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளையாக இருந்தவர். அங்கே இவள் டைப்ரைட்டிங் படித்த இடத்தில் மூலையிலிருந்த ஒரு மெஷினை மட்டும் இவளுக்கு ஒதுக்கினார்களாம். இவள் எழுந்து போனதும் துணியால் துடைப்பார்களாம். ஒருநாள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அதனாலதாண்ணே, சுத்தம்ங்கிற வார்த்தைய நான் சும்மா சொல்ல மாட்டேன்."

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. 2004இல் ஒரு பிள்ளையின் அத்தியாயத்தை இன்னொருவன் அப்படியே திருடித் தன் பெயரில் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொருவருடைய தீசிஸையும் ஜிப் ஆக்கிப் பூட்டிவிடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் மூட்டை. நாற்பது ஐம்பது ஃபைலை நெருக்கி ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே பாஸ்வேர்ட் போடுவாள். பாஸ்வேர்ட் எப்போதும் அந்தப் பிள்ளையின் ஊர்ப் பெயர். "அம்மா பேர மறந்தாலும் ஊர் பேர மறக்க மாட்டாங்க" என்பாள். எந்த மூட்டை யாருடையது என்று ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

2006 மார்ச் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை. மத்தியானம் அமராவதி கையில் நியூஸ் பேப்பரோடு வந்தாள். கடலூர் பக்கம் குடிகாடு என்கிற ஊர்ப் பெண். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஐந்து வருஷம் பாட்டிலில் பிடித்துப் பிடித்து ஆராய்ச்சி செய்தவள். தீசிஸ் கொடுக்க இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. கடைசித் திருத்தத்தை கைடு வெள்ளிக்கிழமை காலையில்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, இதப் பாத்தீங்களா? மாசாமாசம் மூணாம் தேதி ஒரு வைரஸ் வேல செய்யுமாம். மெஷின போட்ட அரை மணி நேரத்துல எழுதி வச்சதையெல்லாம் தின்னுடுமாம். நாளைக்கி மூணு."

"நம்மகிட்ட வராது" என்றாள் ஜெயராணி. அமராவதியின் மூட்டையைத் தேடி எடுத்து ஆன்டிவைரஸை ஓட்டினாள். ஒரு வினாடி ஆகியிருக்காது. பச்சை வந்தது. "பாரு. சுத்தம்."

நான் பொன்னெழுத்துக்குத் தலைப்பு வாங்கிப் போக வந்து நின்றுகொண்டிருந்தேன். ஐந்து பிரதியை ஒரே நாளில் தைக்கச் சொன்னால் எவனுக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் கேட்டேன்.

"அதுக்குள்ள பாத்துடுச்சா? எத்தன ஃபைலு உள்ள?"

"நாப்பத்தி மூணு."

"ஒண்ணுன்னு போட்டிருக்குதே."

"மூட்ட ஒண்ணுதானேண்ணே."

"எரநூறு தாளு கட்டுல மேல் தாள மட்டும் பாத்துட்டு, பக்கமெல்லாம் சரியா இருக்குதுன்னு நான் சொன்னா நீ வுடுவியா?"

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். எதையோ திறந்தாள். சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பட்டியல் வந்தது. 'ஜிப்புக்கு உள்ளேயும் பார்' என்கிற கட்டத்தில் டிக் இல்லை. அவளே போன வருஷம் எடுத்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பழைய மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது என்று எடுத்தாளாம். ஒரு வருஷமாக அவள் சொன்ன சுத்தமெல்லாம் மூட்டையின் மேல்துணியைப் பார்த்துச் சொன்னது.

டிக் போட்டு, இரண்டு மெஷினிலும் முழுதாக ஓட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அமராவதி எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தாள். மறுபடியும் பச்சைதான். ஆனால் இந்தத் தடவை கீழே நீளமாக ஒரு பட்டியலும் வந்தது. ஜெயராணி அதில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.

"இன்னா போட்டிருக்குது?"

"பாஸ்வேர்ட் இருக்குது, பாக்கல. பாஸ்வேர்ட் இருக்குது, பாக்கல. எல்லாத்துக்கும் அதேதாண்ணே."

திருடனுக்குப் பயந்து அவள் போட்ட பூட்டு காவல்காரனையும் வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே போக முடியாத காவல்காரன், போகவில்லை என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டு மேலே பச்சையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தன மூட்ட?" என்றேன். எனக்குத் தெரிந்த வேலை எண்ணுவதுதான்.

முதல் மெஷினில் அறுபத்தொன்று. நோட்டிலும் அறுபத்தொன்று. இரண்டாவது மெஷினில் எண்ணினோம். அறுபத்திரண்டு. தப்பாக எண்ணியிருப்போம் என்று நான் விரல் வைத்து மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டுதான்.

அந்த ஒன்றை அவள் கட்டவில்லை. பிப்ரவரி நடுவில் கடை மெயிலுக்கு வந்தது. கூடவே நாலு வரி இங்கிலீஷ் கடிதம், அதிலேயே பாஸ்வேர்ட். யாரோ பிள்ளை அனுப்பியது என்று நினைத்து அவளே திறந்திருக்கிறாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல். கிளிக் செய்தால் ஒன்றும் வரவில்லை. கெட்டுப்போன ஃபைல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"பூட்டி அனுப்பியிருந்தாங்கண்ணே. பூட்டி அனுப்புறவங்க பொறுப்பானவங்கன்னு நெனச்சிட்டேன்."

"திருடனே பூட்டையும் போட்டு சாவியையும் குடுத்திருக்கான். நீ தொறந்து வுட்டிருக்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் நோட்டை மூடிவைத்தாள். அமராவதி மெல்லக் கேட்டாள்: "அக்கா, ரெண்டு மெஷினுக்கும் ஒரே பென் டிரைவதான போட்டு போட்டு எடுக்குறீங்க?"

"ஆமாம்மா."

பேப்பரில் இன்னொன்றும் போட்டிருந்தது. அந்த வைரஸ் உள்ளே புகுந்ததும் முதல் வேலையாக ஆன்டிவைரஸின் கண்ணைக் கட்டிவிடுமாம். அது பார்ப்பது போலப் பார்க்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லாது. ஆகவே முதல் மெஷினிலும் அது இருக்கிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது? பச்சையை இனி நம்புவதற்கில்லை. அமராவதியின் சிடி ஒன்று இருந்தது. அதற்குள் இருப்பதும் பூட்டிய மூட்டைதான். அதைப் போட வேறு மெஷினும் இல்லை. நாளைக்கு மெஷினையே போட மாட்டோம் என்று தெருவில் மற்ற இரண்டு கடைக்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்கி மூணாம் தேதின்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "காலண்டர் கிழிக்குதா?"

"மெஷின்ல தேதி இருக்கும். அதப் பாத்துக்கும்" என்ற ஜெயராணி, அப்படியே என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு முதல் மெஷின் பக்கம் திரும்பித் தேதியைப் பின்னால் தள்ளினாள். பிப்ரவரி இருபத்தேழு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அமராவதி திருத்தத்தோடு வந்துவிட்டாள். ஜெயராணி முதலில் இரண்டாவது மெஷினைப் போட்டாள், சரியான தேதியிலேயே. அதிலிருந்ததை முந்தின நாள் சாயங்காலமே சிடியில் எழுதி எடுத்துவிட்டிருந்தாள்.

"அத ஏன் போடுற? சும்மா கெடக்கட்டுமே."

"தெரியாம என்னால கை வைக்க முடியாதுண்ணே. அந்த மூட்டையில இருந்தது இதுதானான்னு தெரிஞ்சாகணும்."

பிறகு பொய்த் தேதி போட்ட மெஷினில் உட்கார்ந்து திருத்தத்தை அடித்தாள். சத்தம் போடுகிற விரல்கள் அவளுடையவை. அன்று பூனை நடப்பது போல அடித்தாள். நான் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நின்றேன். என் கடையில் பசை காய்ந்துகொண்டிருந்தது, போகத் தோன்றவில்லை. இருபது நிமிஷம். இருபத்தைந்து. இரண்டாவது மெஷின் சும்மாதான் இருந்தது. முப்பதாவது நிமிஷம் தாண்டியதும் அதன் பெட்டி விளக்கு விடாமல் மினுக்க ஆரம்பித்தது. யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், கரையான் கட்டை அரிக்கிற மாதிரி.

விளக்கு நின்ற பிறகு ஜெயராணி எழுந்துபோய் ஒரு தீசிஸைத் திறந்தாள். இருநூறு பக்கம் இருந்த இடத்தில் ஒற்றை வரி. அதிலும் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். இன்னொன்று திறந்தாள். அதே வரி. மூட்டைகளும் போயின.

"அக்கா, இந்த மெஷினு" என்று அமராவதி ஆரம்பித்தாள்.

"பேசாத. பிரிண்ட் குடுக்குறேன்."

இருநூற்றுப் பதினாலு பக்கம். ஒவ்வொரு தாளும் வெளியே வரும்போது நான் எடுத்து எண் பார்த்து அடுக்கினேன். தொண்ணூறாவது பக்கத்தில் பிரிண்டர் நின்றது. தாள் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஜெயராணி புதுக் கட்டைப் பிரித்துத் தாள் வைத்தாள். கடைசிப் பக்கம் கையில் வந்ததும் அமராவதி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. "குடு, கசங்கும்" என்று மட்டும் சொன்னேன். நாலு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஓடி ஓடித் தைத்து, கைடு கையெழுத்து வாங்கி, பசை காயாத அட்டையோடு நாலரைக்கு அனுப்பினேன்.

மெஷின் தானாகப் போடுகிற தேதி உறுதிமொழிப் பக்கத்தில் பிப்ரவரி இருபத்தேழு என்று விழுந்திருந்தது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்ட கிளார்க் கவனித்தாராம். "ஏம்மா, திங்கக்கெழமையே முடிச்சிட்டு, நாலு நாளு அழகு பாத்துட்டா வர்றீங்க?" என்று கேட்டு முத்திரை குத்திவிட்டாராம். அமராவதி வந்து சொல்லும்போது ஜெயராணி சிரித்தாள். அந்த மாசத்தில் அவள் சிரித்தது அன்றைக்கு ஒருமுறைதான்.

பிறகு ஒரு மாசம் அந்த முதல் மெஷினை அவள் பொய்த் தேதியிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் தேதி வராமல் பார்த்துக்கொண்டாள். அறுபத்தொரு மூட்டையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணி, நோட்டோடு சரிபார்த்துச் சிடிக்கு மாற்றினாள். பூட்டுப் போடுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் பென் டிரைவ் நீட்டினால் 'சுத்தம்' என்று சொல்வதில்லை. "பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்ல. உள்ள பாக்க முடியாதது ரெண்டு இருக்குது, தொறந்து காட்டுங்க" என்பாள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவள் கவலைப்படவில்லை. 2012இல் கடலூருக்கே கடையை மாற்றிக்கொண்டு போகும் வரை அப்படித்தான் சொன்னாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கொஞ்சம் வந்து கூட நில்லுங்க."

முதல் மெஷினைக் காலி செய்துவிட்டிருந்தாள். ஒரே ஒரு ஃபைல் மட்டும் அதில் விட்டிருந்தாள். அதில் தன் பெயரையும் அப்பா பெயரையும் அடித்திருந்தாள். தேதியைச் சரியாக்கிவிட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். முப்பது நிமிஷம் ஆனதும் பெட்டி விளக்கு மினுக்கியது. அதே கரகர சத்தம்.

ஃபைலைத் திறந்தாள். பெயர் இல்லை. அந்த ஒற்றை வரி இருந்தது.

அமராவதியின் இருநூற்றுப் பதினாலு பக்கமும் இதன் வாய்க்குள் உட்கார்ந்துதான் அடிக்கப்பட்டது. இடையில் ஒரு பொய்த் தேதி மட்டும்தான் இருந்தது.

ஜெயராணி மெஷினை அணைத்து, வயரைப் பிடுங்கி, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அமராவதிகிட்ட சொல்லிடாதீங்க. அவ தூங்கட்டும்."

சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அவள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். இதற்குள் நன்றாகத் தூங்கிப் பழகியிருப்பாள்.