மணலில் வறுத்த சோயா

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் கிராம சேவிகையாக இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் சோயா மொச்சை கொடுத்துவிட்டு, "வறுத்துக் குடுங்க, புள்ளைங்க தேறும்" என்று சொன்னேன். முதலில் ஊறவைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது நான்தான். அவர்கள் வேர்க்கடலை வறுப்பதுபோலச் சூடான மணலில் போட்டுப் புரட்டிவிட்டார்கள். மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்ததைத் தின்று ஒரு சிறுமிக்கு வயிற்றால் போனது.

"அந்த ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. வேணாம்னுட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அங்க நிறுத்திடலாம்" என்றார் எங்கள் வட்டார அதிகாரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது, கெட்ட பெயர் அவர்களுக்கா? போட மாட்டேன் என்றேன். தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்றார். தாராளமாக மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள், ஊறவைத்து வடித்து, துணியில் ஈரம் போக உலர்த்திய சோயாவோடு அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலை மறித்தாள்.

"மறுபடியும் வந்துட்டியா? எம் பொண்ணு வவுத்தப் புடிச்சிகினு துடிச்சிதே, நீயா பாத்துகினே?"

"ஊற வெக்கச் சொல்லாதது என் தப்பு. உன் சட்டியையும் மணலையும் குடு. நானே வறுத்து நானே திங்கறேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கேன், எனக்கு என்ன ஆவுதுன்னு பாரு."

சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, மணலைச் சலித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன். வேர்க்கடலை தோற்றது, அப்படி ஒரு மொறுமொறுப்பு. இரண்டு கை நிறையத் தின்றேன். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அசையவில்லை. போகிற வருகிற பெண்களெல்லாம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு அம்மாக்காரி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள்.

"மொதல்ல நான் துன்னு பாக்கறேன். காலைல எனுக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் பொண்ணுக்கு. நீயும் வந்து நில்லு."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போனேன், விடுப்பெல்லாம் கேட்கவில்லை. சிறுமி வாசலில் நின்று மென்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா எனக்காகக் காத்திருக்கவே இல்லை.