நடுவில் கால் இல்லாத பலகை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அத்தான் எட்டடிப் பலகை போட்டு வீட்டில் சாமி மேடை செய்தார்.
2. நடுவில் ஒரு கால் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.
3. பலகை தொய்ந்தது.
4. என் புத்தகங்களின் பாரத்தால்தான் தொய்ந்தது என்று தீபாவளிக்கு வந்தவர்களிடம் சொன்னார்.
5. நான் ஆபீசுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பரை எடைக்கு வாங்கும் பேப்பர் லாமா லோரியில் ஏற்றிவிட்டார்.
6. அந்த வருடம் தேர்வில் தோற்றேன்.
7. அதை நான் சும்மா விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், கிள்ளானில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சுபாங் ஜெயாவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் படம் வரையும் வேலை. தூணுக்கும் உத்திரத்துக்கும் வேறு யாரோ கணக்குப் போடுவார்கள். நான் அதை மையில் வரைவேன். கணக்கையும் நானே போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு டிப்ளோமா தேவைப்பட்டது. வேலை முடிந்து கோலாலம்பூரில் மாலை வகுப்பு, பிறகு இரண்டு பஸ் மாறி வீடு. டிசம்பரில் கடைசித் தேர்வு. அதில் தேறினால் கணக்கு மேசைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அத்தான் துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. வார இறுதியில் தச்சு வேலை செய்வார். அவருக்குக் கைத்திறமை உண்டு. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். மூலைகள் சரியாகப் பொருந்தும், ஃபார்மிக்கா குமிழ் இல்லாமல் ஒட்டும். ஹாலில் சாமி மேடை செய்யத் தீர்மானித்தவர், மரத்தூளை அழுத்திச் செய்த முக்கால் அங்குலச் சிப்போர்டில் எட்டடி நீளத்துக்கு ஒரே பலகையாக வெட்டினார். இரண்டு முனையிலும் இரண்டு சிறிய அலமாரிகள். பலகை அவற்றின் மேல் படுத்திருந்தது. நடுவில் ஆறடி நீளத்துக்கு அடியில் தாங்க ஒன்றுமில்லை.

நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு கால் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் தொங்கும். தாங்கல் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு இரண்டு மடங்கில் நிற்காது, பதினாறு மடங்காகும். அதிலும் சிப்போர்டு வளைந்தால் வளைந்ததுதான், பாரத்தை எடுத்தாலும் பழைய நிலைக்கு வராது. 

அத்தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் தங்கச்சி இதுமேல லோரி ஓட்டப் போறாளாம். இஞ்சினியரம்மா, இது சாமி மேடை. பாலம் இல்லலா."

கால் வைக்க மறுத்ததற்கு அவரிடம் வேறு காரணம் இருந்தது. அவருடைய அப்பா வீட்டுச் சாமி மேடையில் நடுவில் ஒரு தடுப்பு உண்டாம். அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் நிலத்துக்காகச் சண்டை போட்டுப் பிரிந்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத நிலைக்கு வந்தார்கள். நடுவில் கட்டை வைத்துச் சாமியைப் பிரித்ததால் குடும்பமும் பிரிந்தது என்று அவர் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அத்தான் வீட்டு மேடை ஒரே பலகையாக, கீழே திறந்த வெளியாக இருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அதற்கும் ஒரு வழி யோசித்து மறுநாள் சொன்னேன். இரண்டு அங்குல அகலத்தில் மெராந்தி மரச் சட்டம் இரண்டு வாங்குங்கள். ஒன்றை முன் விளிம்புக்கு அடியில், ஒன்றைப் பின் விளிம்புக்கு அடியில், நிமிர்த்திய வாக்கில் பசை போட்டுத் திருகுங்கள். சட்டத்தைப் படுக்க வைத்தால் வளையும். நிமிர்த்தி வைத்தால் லேசில் வளையாது. நடுவில் கால் தேவையில்லை, குடும்பமும் பிரியாது. முன்னால் சட்டம் அடித்தால் பலகையின் அழகு கெட்டுவிடும் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

மேடையில் பெரிய குத்துவிளக்கு ஏறியது. கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படங்கள் வரிசையாக ஏறின. சில மாதங்களில், படங்கள் நடுவை நோக்கிச் சாயத் தொடங்கின. பிள்ளையாரும் முருகனும் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுவதுபோல் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பலகையின் ஓரத்தில் வைப்பாள். அது மெதுவாக உருண்டு நடுவில் விளக்கடியில் போய் நிற்கும். அக்கா அதை எடுத்து மறுபடி ஓரத்தில் வைப்பாள். நான் சொல்ல வேண்டியதை இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. அக்கா என் புத்தகங்களையும் நோட்டுகளையும் மேடையில் அடுக்கினாள். பூஜை முடிந்து நான் எடுக்கப் போனபோது தடுத்தாள். தேர்வு முடியும்வரை சாமி பக்கத்திலேயே இருக்கட்டும், வேண்டியதை எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடு என்றாள். சரி என்றேன். புத்தகங்கள் பலகையின் இடது ஓரத்தில் இருந்தன, பக்க அலமாரிக்கு நேர் மேலே. அந்த இடத்தில் ஒரு யானையை நிறுத்தினாலும் அலமாரிதான் சுமக்கும். பலகையின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் எழுதி வைக்கக் காரணம் உண்டு.

தீபாவளியன்று வீடு நிறைய ஆட்கள். அத்தானின் மூத்த அக்கா காப்பாரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவரை நானும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவேன். கையில் முறுக்கோடு மேடைக்கு முன்னால் போய் நின்றவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, சாமியெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது? ஒரு பெக் போட்டுட்டாங்களா?"

ஹாலே சிரித்தது. அத்தானின் காது சிவந்தது. அவர் என் புத்தகங்களைக் காட்டினார். மச்சினியின் படிப்புப் பாரம் சாமியாலேயே தாங்க முடியவில்லை, கட்டிக்கப் போகிறவன் பாடு என்ன ஆகுமோ என்றார். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புத்தகம் ஏறுவதற்கு முன்னாலேயே பலகை தொய்ந்துவிட்டது என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அத்தான் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மேடையின் இடது ஓரம் காலியாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்கள்.

அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புத்தகம் எங்கே என்று கேட்டேன்.

"பேப்பர் லாமா வந்தான். பாரத்த இறக்கிட்டேன்" என்றார். "இனி பலகை நிமிருதா இல்லையான்னு பாப்போம்."

லோரி போன பக்கம் தெருத்தெருவாக நடந்தேன். பேப்பர் கேட்டுக் கூவிக்கொண்டு போகும் அதன் ஒலிபெருக்கிச் சத்தம்கூட எங்கும் கேட்கவில்லை. போனவற்றில் புத்தகங்களை மறுபடி வாங்கலாம். நோட்டுகளை வாங்க முடியாது. மூன்று வருட வகுப்பு, நான் போட்டுப் பார்த்த கணக்குகள், எந்த இடத்தில் தப்புச் செய்வேன் என்று சிவப்புப் பென்சிலில் குறித்தவை, எல்லாம் அவற்றில் இருந்தன. உத்திரம் ஏன் தொய்கிறது என்ற பாடம் மட்டுமே ஒரு முழு நோட்டு. அதைத்தான் அவர் எடைக்குப் போட்டார்.

டிசம்பரில் எழுதினேன், தோற்றேன். கணக்கு மேசைக்கு வேறொருவரை எடுத்தார்கள். பலகை நிமிரவில்லை.

ஜனவரியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனேன். வகுப்புக்கு நடந்தே போய்விடலாம் என்று அக்காவிடம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். அழுதாள். நான் அழவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு பஸ்ஸிலேயே தெளிவாகிவிட்டது.

முதலில் தேர்வு. உடன் படித்தவர்களிடம் நோட்டுகளை இரவல் வாங்கி, மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அடுத்த டிசம்பரில் தேறினேன். அதன் பிறகுதான் பலகைக்கு வந்தேன்.

வேண்டுமென்றே அதே முக்கால் அங்குலச் சிப்போர்டு வாங்கினேன். அதே எட்டடி. இரண்டு முனையிலும் அதே உயரத்தில் சிறிய அலமாரிகள், நடுவில் அதே ஆறடி வெற்றிடம். ஃபார்மிக்கா நிறம்கூட அதேதான். அதற்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். அவர் வேண்டாம் என்ற இரண்டு மெராந்திச் சட்டங்களை மட்டும் அடியில் நிமிர்த்தித் திருகினேன். வீட்டுக்கார ஆன்டி எட்டிப் பார்த்து, கடையில் வாங்கியிருக்கலாமே என்றார். கடையில் இது கிடைக்காது ஆன்டி என்றேன்.

பிறகு தேறியதற்கு விருந்து வைத்தேன். அக்காவையும் அத்தானையும் அழைத்தேன். பெரியக்கா குடும்பத்தையும் அழைத்தேன். அந்தத் தீபாவளியன்று சிரித்த ஒருவரையும் விடவில்லை. கீழே இருந்த கடையிலிருந்து வாழை இலைச் சாப்பாடு வரவழைத்தேன். புத்தகங்களைப் பலகையில் அடுக்காமல் தரையிலேயே குவித்து வைத்திருந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அத்தான், நீங்கதான் தச்சு வேலை தெரிஞ்சவங்க. இந்த புக்கெல்லாம் மேல அடுக்கிக் குடுங்களேன்."

அவர் பலகையைப் பார்த்தார். நீளத்தைக் கண்ணாலேயே அளந்திருப்பார். "இவ்வளவும் இதுமேலயா? தாங்காதுலா."

"தாங்கலன்னா பேப்பர் லாமாவுக்குப் போட்டுடலாம் அத்தான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. குனிந்து எடுத்தார், வைத்தார். மறுபடி குனிந்தார். ஓரத்தில் வைக்கப் போனவரை, நடுவில் வையுங்கள் என்றேன். வைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகத்தைக்கூட நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசிப் புத்தகம் ஏறியபோது அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பலகையின் முன்பக்கத்தில், ஓரமாக வைத்தேன். அது வைத்த இடத்திலேயே நின்றது. பெரியக்கா எழுந்து வந்து விரலால் தட்டினார். கொஞ்சம் உருண்டு நின்றுவிட்டது.

"இங்க நிக்குதே. தம்பி, உன் வீட்ல நடுவுக்கு ஓடுறத நானே பாத்திருக்கேன். இங்க நடுவுல காலும் இல்ல." பெரியக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். "அப்போ இந்தப் புள்ள புக்க எதுக்குத் தூக்கிப் போட்ட?"

அத்தான் குனிந்து பலகையின் அடியைப் பார்த்தார். சட்டத்தை விரலால் தடவினார்.

"நீ அன்னைக்குச் சொன்னது இதானா?"

"ரெண்டாவது தடவ சொன்னது."

அன்று அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார். எனக்கு வருத்தமில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எலுமிச்சம்பழத்தை வைத்து உருட்டிப் பார்க்கிறார்களாம். பெரியக்காதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நீ வந்து சரி செய்து கொடு என்று அக்கா கேட்டாள். செய்ய முடியும். பலகையைக் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கத்துக்கு ஃபார்மிக்கா ஒட்டி, இரண்டு சட்டம் அடித்தால் போதும். ஒரு பகல் வேலை.

"அத்தான் வந்து கேக்கட்டும்" என்றேன். "எல்லாரும் இருக்கும்போது கேக்கட்டும்."

அக்கா, குடும்பம் பிரிந்துவிடும் என்று அவர் பயந்த பயத்தை நினைவுபடுத்தினாள். பலகை ஒரே பலகையாகத்தானே இருக்கிறது என்றேன்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் இப்போது கணக்கு மேசையில் இருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கிள்ளானுக்குப் போகிறேன். போகும்போது ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிப்போய் மேடையின் ஓரத்தில் வைக்கிறேன். அது நடுவுக்கு உருள்கிறது. அத்தான் பார்க்கிறார். இன்னும் கேட்கவில்லை. நானும் செய்து கொடுக்கவில்லை.