சைக்கிள் படத்துக்குள் ஜெராக்ஸ் அக்கா ஒளித்து வைத்தது

ஜெராக்ஸ் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. பதினெட்டு வருஷம் நகல் எடுத்தும் டைப் அடித்தும் பிழைத்தவள். கடையை மூடிய பிறகு சும்மா உட்கார்ந்தாளா மகராசி? நாற்பத்து மூன்று வயதில் வெப்சைட் செய்யப் படித்தாள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாக்கா?" என்று தங்கை கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனாலும் குத்தியது குத்தியதுதான்.

வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளை ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்கார முதலாளியிடம் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. கடைசி நாள் காலையில், "சைக்கிள் கடை அம்மாவுக்கு நீங்க செஞ்ச பக்கம் பிடிச்சா வேலை உங்களுக்கு. இல்லன்னா இன்னியோட சரி" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்தின் தலையில் ஒரு பெட்டி. அதற்குப் பின்னணியாக வரிசையாய் நிற்கும் சைக்கிள்களின் படம். அதற்கான கட்டளையை அக்கா சரியாகத்தான் எழுதினாள், படம் மட்டும் தெரியவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி உயரமில்லாமல் படுத்துக் கிடந்தது. பின்னணிப் படமா அதைத் தூக்கி நிறுத்தும்? டைப் அடித்த பழக்கம் விடுமா? இடம் வேண்டுமா, என்டரைத் தட்டு! முப்பது தடவை தட்டினாள். பிரவுசர் ஒன்றைக்கூட மதிக்கவில்லை. போடா போ என்று மனதில் வந்ததையெல்லாம் வரிவரியாக அடித்து, எழுத்து கண்ணுக்குத் தெரியாதபடி நிறத்தை எடுத்துவிட்டாள். சைக்கிள்கள் ஜம்மென்று வந்தன. அப்பாடா!

மதியம் சைக்கிள் கடை அம்மா வந்தார். அவருக்குப் பார்வை மங்கல், வெப்சைட்டில் எழுதியிருப்பதை அவருடைய போன்தான் வாசித்துச் சொல்லும். அக்கா அதைக் கண்டாளா? போன் கணீரென்று ஆரம்பித்தது:

"இந்த வேலை எனக்குக் கெடைக்கணும். தங்கச்சி முன்னாடி தலை குனியக் கூடாது. கட்டம் போட்ட சட்டைக்காரர் கொஞ்சம் சிரிச்சா சொத்தா போயிடும்?"

அக்காவுக்கு உயிரே போய்விட்டது.

"நான்தாம்மா அடிச்சேன், படம் நிக்கணும்னு. அஞ்சு நிமிஷம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

வரிகளை அழித்தாள். பெட்டி மறுபடி படுத்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அக்காவுக்கு நேற்றைய கூத்து ஞாபகம் வந்தது. ஒரு பட்டனில் எழுத்துப் போட மறந்திருந்தாள்; ஆனாலும் பட்டன் மறையாமல் நின்றதே! எழுத்தைச் சுற்றி அவள் விட்ட பேடிங், அந்த உள் இடைவெளி, எழுத்து இல்லாமலே இடம் பிடித்திருந்தது. இந்தப் பெட்டிக்கும் மேலே இருநூறு பிக்சல், கீழே இருநூறு பிக்சல் பேடிங் கொடுத்தாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லாமல் சைக்கிள்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

போன் மறுபடி வாசித்தது. கடையின் பெயர், திறக்கும் நேரம், அவ்வளவுதான்.

"இப்ப எனக்குச் சரியா இருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆனா முன்னாடி கேட்டதையும் நான் மறக்கல. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

முதலாளி சிரித்துவிட்டார். சத்தியமாக, பல் தெரியச் சிரித்தார்.

"சொத்து ஒண்ணும் போகல. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

அக்கா வாசலுக்கு ஓடிவந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஐம்பதுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்குடி, அதுக்குள்ள வளைஞ்சிட்டேன்!"

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.