காலுக்கு ஒரு குடம் தண்ணீர்

“மூக்க நீயே புடிச்சிக்கம்மா. பாஸ்டரு புடிப்பாருன்னு நம்பிக்கினு இருந்தே, தண்ணி மண்டைக்கு ஏறிப்பூடும்.”

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்றுகொண்டு செங்கம்மா இப்படிச் சொல்லும்போது பாஸ்டர் நாகபூஷணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். ஆந்திர எல்லையோரம் வரதய்யபாளையத்தை ஒட்டிய அந்தச் சின்னச் சபையில் யாருக்காவது முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டுமானால், வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடி வேண்டியது செங்கம்மா என்பது அவருக்கே தெரியும்.

வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணைத் தண்ணீரில் மல்லாக்கச் சாய்த்தால், சேலை காற்றை வாங்கிக்கொண்டு உப்பி மேலே வந்துவிடும். கரை நெடுக ஆண்கள். இப்போது அவர்கள் கையில் கேமரா போன் வேறு. இந்த மானக்கேட்டுக்குப் பயந்தே முழுக்கைத் தள்ளிப்போட்ட பெண்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. செங்கம்மா அவர்கள் காலடியில் நின்று, தண்ணீருக்கு அடியில் தன் இரண்டு கட்டைவிரல்களாலும் சேலை விளிம்பைச் சேற்றோடு சேர்த்து மிதித்துக்கொள்வாள். அவ்வளவுதான் வித்தை. ஆனால் செய்து பார்த்தால்தான் தெரியும். பாஸ்டரின் மனைவி ஒருமுறை முயன்று, சேலையோடு தானும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கியது யார் என்று சபையில் இன்னமும் கேலி பேசுவார்கள். செங்கம்மாவின் விரல்கள் சின்ன வயதிலிருந்து ஊரார் வயல்களில் நாற்று நட்ட விரல்கள். நமக்கு வழுக்குகிற சேறு அவளுக்குச் சிமெண்டுத் தரை.

எந்த வீடியோவிலும் அவள் முகம் இருக்காது. தண்ணீரிலிருந்து எழுந்து கைகூப்பும் பெண் இருப்பாள், கையை உயர்த்திய பாஸ்டர் இருப்பார், ஓரத்தில் ஒரு நரைத்த கொண்டை இருக்கும். அந்தக் கொண்டைதான் செங்கம்மா. அவளும் அதே ஏரியில் முழுகியவள்தான். அப்போது வைத்த பெயர் லீதியாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முழுகியவர்கள் கரையேறியதும் அடுத்த வேலை. அவர்கள் கால் முழுக்கச் சேறு அப்பியிருக்கும். வேப்பமரத்தடியில் ஊதா நிறப் பிளாஸ்டிக் குடத்தில் போர் தண்ணீர் தயாராக இருக்கும். அவளே வீட்டிலிருந்து சுமந்துவருவது. ஆளைக் கல்லின்மேல் உட்காரவைத்து, காலுக்குத் தண்ணீர் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துவிடுவாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். “இன்னா வெக்கம்? இப்பத்தான் புதுசா பொறந்துகீறே. கொழந்தைக்கு ஏதுடா வெக்கம்? குடு கால” என்று அதட்டி வாங்கிக்கொண்டாள். கேட்டால், சேற்றுக்காலோடு போனால் சபைக்குள் விரித்த பாய் என்னத்துக்கு ஆவது என்பாள்.

மற்ற நாட்களில் அவளை நீலக் கோட்டில்தான் பார்க்கமுடியும். நாற்று நட்ட நிலங்களெல்லாம் கம்பெனிகளுக்குப் போய், சத்தியவேடு பக்கம் வெளிநாட்டுக்காரர்களின் தொழிற்சாலைகள் எழும்பிய பிறகு, காலையில் வேன் ஏறி ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். ஒரு காலத்தில் களை பறித்த இடத்திலேயே இப்போது மாப் போடுகிறாள். அதற்காக மூக்கைச் சிந்துகிறவள் இல்லை. “அப்போ நாளெல்லாம் குனிஞ்சிக்கினு இருந்தேன். இப்போ நின்னுக்கினு கீறேன். முதுகுக்கு நல்லதுதானே?” என்கிறாள். ஜப்பான்காரர்கள் குனிந்து வணக்கம் சொன்னால் அவர்களைவிட ஒரு விரற்கடை கூடுதலாகக் குனிவாள். சூப்பர்வைசரோடு சண்டை தெலுங்கில், ஜெபம் தமிழில், சாரியும் தேங்க்யூவும் இங்கிலீஷில். எதிலும் குரலை மட்டும் தாழ்த்தத் தெரியாது.

அந்தக் குரலால்தான் போன வருஷம் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் தன் செல்போனைத் தூக்கிக் காட்டினார். “உங்க இரட்சிப்பும் இந்த சிம் கார்டு மாதிரிதான். ரீசார்ஜ் பண்ணாம விட்டீங்கன்னா வேலிடிட்டி முடிஞ்சிபோகும். உங்க நம்பர் வேற ஆளுக்குப் போயிடும்” என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த செங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம், மேடைவரை கேட்கும்படி ரகசியம் சொன்னாள்:

“நான் பெத்த புள்ளைக்கு வேலிடிட்டி கெடையாது.”

அவள் பெற்ற பிள்ளை ஒருவன்தான். பெயர் சிரஞ்சீவி. அவனும் இதே ஏரியில் முழுகியவன். அதற்குச் சில வருஷங்களுக்கு முன், திருப்பதியில் லாட்ஜுகளும் அடுக்குமாடிகளும் மளமளவென்று எழும்பிய காலத்தில் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். போன இடத்தில் சபை விட்டுப்போயிற்று, ஜெபம் விட்டுப்போயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் ஒருநாள் மலைக்கு நடந்து போனார்கள், அவனும் போனான். அவர்கள் முடி கொடுத்தார்கள், அவனும் கொடுத்தான். அதை மறைக்கவும் தெரியவில்லை. அன்றைக்கே போன் செய்தான். “ம்மா, கோச்சிக்காதே. மொட்ட போட்டுக்கினேன். தல நல்லா சில்லுனு கீது.” செங்கம்மா வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். திட்டி முடித்து, “துண்டு போட்டுக்கினு வெய்யில்ல நில்லுடா” என்றாள். அந்த முடி முளைப்பதற்குள் சாரம் சரிந்து அவன் போய்ச் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை துணியால் இறுகச் சுற்றி, பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெற்றவளால் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியவில்லை. பாதங்கள் மட்டும் வெளியே இருந்தன. விரல் இடுக்குகளில் சிமெண்டு காய்ந்துகிடந்தது. செங்கம்மா ஒரு குடம் தண்ணீரோடு அவன் காலடியில் உட்கார்ந்தாள். சிமெண்டு லேசில் போகாது. தூக்குகிறவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அடக்கத்தில் பாஸ்டர் நாகபூஷணம் ஜெபித்தார், குரல் உடைந்து அழுதார், முதல் பிடி மண்ணும் போட்டார். ஆனால் சபையார் யார் செத்தாலும் குழிமேட்டில் வழக்கமாகச் சொல்லும் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்ற சொற்களை மட்டும் அன்று அவர் சொல்லவில்லை. அந்த மொட்டைத் தலை எல்லார் கண்ணிலும் பட்டிருந்தது. மற்றவர்கள் அந்தச் சொற்கள் விடுபட்டதைக் கவனித்தார்களோ என்னவோ, செங்கம்மா கவனித்தாள். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த முழுக்கு வந்தபோது வழக்கம்போலத் தண்ணீரில் இறங்கினாள். கரையில் குடம் வைக்கும் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து புதிதாகச் சேர்ந்துகொண்டது.

கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அவள் வாயிலிருந்து பிடுங்கியவள் கல்பனா. அதே தொழிற்சாலையில் ஒயர் பொருத்தும் பிரிவில் வேலை செய்கிற பெண், இந்தச் சபையில் வளர்ந்து முழுகியவள். கூட வேலை செய்த தெலுங்குப் பையன் பவன்குமாரை விரும்பி, திருப்பதியில் ஒரு கோவிலில் தாலி கட்டிக்கொண்டாள். நெற்றியில் பொட்டு, வீட்டில் பூஜை, சபைப் பக்கமே வரவில்லை. இப்போது வயிற்றில் பிள்ளை. சிம் கார்டுப் பிரசங்கம் யார் மூலமோ அவள் காதுக்கும் போய்விட்டது. கம்பெனி வேனில் செங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“என் வேலிடிட்டி முடிஞ்சிபோச்சி அத்தெ. புள்ள பொறக்கறதுக்குள்ள இன்னொரு தபா முங்கிடறேன். பாஸ்டரய்யாவ கேட்டேன். சரின்னுட்டாரு. அவருக்கும் தடையில்ல.”

அவருக்கும் என்றது புருஷனை. செங்கம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிவைத்த கையோடு பாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

“கல்பனாவுக்கு ரெண்டாந்தபா வாணாம் பாஸ்டரய்யா. நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க? ஆண்டவரு பேதுரு கால கழுவ வந்தப்போ, தலைக்கும் சேத்து ஊத்துன்னான் அவன். குளிச்சவனுக்குக் காலு மட்டும் போதும்னுட்டாரு. அதேதான் இவளுக்கும். முங்குன பொண்ணு. நடந்த தூரத்துக்கு காலு அழுக்காயிடுச்சி. காலுக்கு ஊத்துனா போதும்.”

பாஸ்டர் நாகபூஷணம் கல்நெஞ்சுக்காரர் அல்ல. அவரை நாற்காலியில் உட்காரச் செய்தது வேறொரு நினைவு. “எங்கண்ணன் அப்பிடித்தான் சொல்லிக்கினு திரிஞ்சான் செங்கம்மா. ‘நான் முங்கிட்டேன்டா, எனக்கு டிக்கெட்டு கன்ஃபார்மு’ம்பான். குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய போட்டு அடிப்பான். குடியிலயே பூட்டான். போதும் போதும்னு சொல்லிச் சொல்லி இன்னொருத்தர அப்பிடி அனுப்ப என்னால ஆவாது.”

அந்த அண்ணனைச் செங்கம்மாவுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டியைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியவளே அவள்தான். பாஸ்டர் சொல்வதில் பொய் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்ததைச் சபையார் கேட்டது அன்றைக்குத்தான்.

“உங்க பயம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இவளுக்கு ரெண்டாந்தபா வோணும்னா, எம்புள்ளைக்கு யாரு குடுப்பாங்க? அவன நான் எந்த ஏரிக்குக் கூட்டிக்கினு வர்றது?”

பாஸ்டர் வேதப்புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். “இந்த முழுக்குக்கு நான் எறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் செங்கம்மா வீட்டுக்குப் போனாள். கம்பெனித் தரை அந்த வாரம் பட்ட பாட்டை அந்தத் தரைதான் சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஊதாக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் ஏரிக்குள் இறங்கவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றாள். பாஸ்டர் தண்ணீரில் காத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, போனமுறை உட்கார்ந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, கால் நிலைகொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார். பவன்குமார் பெண்டாட்டியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வழுக்கிவிடுமோ என்று தெலுங்கில் நான்கு பேரிடம் கேட்டுவிட்டான். கல்பனா வெள்ளைச் சேலையில் வயிற்றைப் பிடித்தபடி வந்தாள்.

“கல்பனா, இங்க வா. இப்பிடி உக்காரு.”

“இப்போ எதுக்கு அத்தெ? இன்னும் தண்ணியிலயே எறங்கலியே, சேறு ஏது?”

“உக்காருன்னேன்.”

கல்பனா கல்லில் உட்கார்ந்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் கால்கள், லேசாக வீங்கியிருந்தன. செங்கம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் கால்களைத் தன் மடிமேல் எடுத்துவைத்துக்கொண்டாள். குடத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். குதிகாலைத் தேய்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இல்லாத சேற்றை எடுத்தாள். கரையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் நின்ற பாஸ்டருக்கு அது என்ன கதை என்று தெரியும். அவர் பிரசங்கித்த கதைதான். கூப்பிடவுமில்லை, தடுக்கவுமில்லை, ஈரம் சொட்டும் கையோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

செங்கம்மா தன் முந்தானையால் இரண்டு பாதங்களையும் துடைத்தாள்.

“எல்லாம் சரியா பூடுமா அத்தெ?” என்றாள் கல்பனா, அழுகையோடு.

“எப்பவோ சரியாத்தான் கீது.”

கல்பனா தலையை ஆட்டினாள். ஆனாலும் கண் ஏரிப் பக்கமே போயிற்று. கை வயிற்றை விட்டு எடுபடவில்லை. அந்தப் பயத்தைக் குடத்துத் தண்ணீரால் தேய்த்து எடுக்க முடியாது என்று செங்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலில் கையூன்றி எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்பனாவுக்கு முன்னால் தானே ஏரிக்குள் நடந்தாள். பாஸ்டரின் மனைவியைப் பார்த்துக் கரைக்குப் போகும்படி கையைக் காட்டினாள். அவர் தப்பித்தோம் என்று போனார்.

“பொடவைக்குத்தான் வந்தேன் பாஸ்டரய்யா” என்றாள்.

பிறகு திரும்பி, கல்பனாவுக்குக் கையை நீட்டினாள். “மெதுவா வா. மூக்க நீயே புடிச்சிக்க.” வெள்ளைச் சேலையின் விளிம்பு தண்ணீருக்குள் இறங்கி அடிச்சேற்றைத் தொட்டதும், இரண்டு கட்டைவிரல்களையும் அதன்மேல் வைத்து அழுத்தி மிதித்துக்கொண்டாள்.