மறுபடியும் கோதுமை

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகக் காலர் தைக்கிறாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘கத்திரி’. அவள் கோபத்தை நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். இந்த வருடம் அதில் பாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவளுக்கு ஒரே மகள், நாலு வயது. சாப்பிட்டு எழுந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வயிறு உப்பியிருக்கும், கை கால் குச்சி. வளரும் பிள்ளையாயிற்றே என்று அண்ணி கவுனின் அடியில் நாலு விரல் துணியை மடித்து வைத்துத் தைத்திருந்தாள். ஒன்றரை வருடமாகியும் அந்த மடிப்பைப் பிரிக்க வேலையே வரவில்லை. அதை டாக்டரிடம் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார்: கோதுமையை நிறுத்திப் பார்க்கவும்.

அண்ணி நிறுத்தினாள் என்றால் நிறுத்தினாள். பிரெட், பிஸ்கெட், நூடுல்ஸ் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. “இதெல்லாம் உனக்கு வயித்த வலிக்கும், யாரு குடுத்தாலும் வாங்கக் கூடாது” என்று பாப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். ஆசையாக ஒரு பன் வாங்கி வந்த என் அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். மூன்று மாதத்தில் பிள்ளை ஓடியாட ஆரம்பித்தாள்.

பாப்பாவைப் பகலில் விடும் குழந்தைகள் காப்பகத்தில்தான் சிக்கல். “டாக்டர் சர்டிபிகேட் இல்லாம தனிச் சாப்பாடெல்லாம் பாத்துக்க முடியாதும்மா” என்றார்கள். கோதுமை குடலைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டாம்; அதுதானா என்று பார்க்க டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தது: ஒன்றுமில்லை.

“பாத்தியா, நீதான் ஊதிப் பெருசாக்கிட்ட” என்றான் அண்ணன்.

முடிவைக் கொடுத்த லேப் பெண்மணி மட்டும் கேட்டார்: “குழந்தை இப்ப கோதுமை சாப்பிடுதா?”

“மூணு மாசமா இல்லையே.”

“அப்ப இதுல என்னம்மா தெரியும்? சாப்பிட்டுக்கிட்டு இருந்தாதான் ரத்தத்துல காட்டும். நிறுத்தறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்.”

அண்ணி நேராக டாக்டர் அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். “உங்களை யாரும்மா அதுக்குள்ள நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார் அந்த மனிதர். பழைய சீட்டை மேசை மேல் அறைந்தாள் அண்ணி. “இது யாரு கையெழுத்து?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “சரி, மறுபடி தினமும் குடுங்க. ஆறு வாரமாவது ஆகட்டும். அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்.” மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. குழந்தை இப்போது என்ன சாப்பிடுகிறது என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

“நல்லா இருக்கற புள்ளைக்கு நாமளே வலிய இழுத்துட்டு வரணுமா? டெஸ்டும் வேணாம், மண்ணும் வேணாம்” என்று அண்ணன் குதித்தான். அவன் பேச்சு சரி என்று எனக்குப் பட்டதே அபூர்வம். அன்றைக்குப் பட்டது.

“அந்த நோய்தான்னா ஆயுசு பூரா ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாதுங்க” என்றாள் அண்ணி. “இல்லன்னா, அடுத்தவங்க கேக் வெட்டறத இவ எதுக்கு வேடிக்கை பாத்துட்டு நிக்கணும்? இருக்கோ இல்லையோன்னு எத்தனை வருஷம் வளக்கறது?”

மூன்றாம் நாள் காலையில் பிரெட் வாங்கி வந்தாள்.

நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அண்ணி டாக்டருக்குப் போன் செய்தாள். தாங்க முடிகிறவரை தொடரச் சொன்னார்.

மறுநாள் காலை தட்டைப் பார்த்ததும் பாப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, நான் ஒண்ணும் சேட்டை பண்ணலையே?”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். யாரையாவது நாலு வார்த்தை திட்டுவாள் என்று அண்ணியைப் பார்த்தேன். திட்டவில்லை.

“நீ ஒண்ணும் பண்ணல கண்ணு” என்று குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள்.

பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.