அற்புதராஜ் வாத்தியார் உளுந்தில் உட்கார்ந்த கதை

காரைக்கால் அற்புதராஜ் வாத்தியார் ஒரு மின்விசிறி வாங்க இரண்டு கோடைகாலம் யோசித்தவர். மூன்றாவது கோடையில் அவர் மனைவி ஜெயமேரியே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாழ்க்கையில் அவர் பத்தே நிமிடத்தில் முடிவெடுத்தது பெண் பார்க்கப் போன அன்று மட்டும்தான். அதையும் எடுத்தது ஜெயமேரிதான் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஐம்பது வயதில் அவருக்கு கிராவல் சைக்கிள் ஆசை வந்தது. தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும் என்றார்கள். கணக்கு வாத்தியார் சும்மா வாங்குவாரா? வீட்டிலிருந்து குரும்பகரம் பள்ளிக்கூடம் வரைக்கும் ஐப்பசி மாதத்திலேயே வழியை அளந்தார். எழுபது பங்கு தார் ரோடு, முப்பது பங்கு வாய்க்கால் கரை. மழையில் தார் மட்டும் கழுவிவிட்டதுபோல் மின்னியது. அப்படியானால் ஒல்லி டயர்தான் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். அப்புறமும் ஐந்து மாதம் வீடியோ பார்த்தார்.

அந்த ஐந்து மாதத்தில் ஜெயமேரி கேட்டது ஒரே கேள்வி.

"என்னங்க, எனக்குக் கால் எட்டுமா?"

வாத்தியார் கியரைப் பற்றிய வீடியோவில் மூழ்கியிருந்தார். "ம்" என்றார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் ஜஸீலாவின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். ஒல்லி டயரில் ஒன்று, தடித்த டயரில் இரண்டு இருந்தன. வாத்தியார் ஒல்லியைப் பிடித்துக்கொண்டார்.

"குரும்பகரம் வரைக்கும் ஓட்டிப் பாக்குறேன். கால் ஊனாம திரும்பி வரேன், பாரு" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

"ஊனிட்டீங்கன்னா?"

"எந்த சைக்கிள்னு நீயே பாத்து எடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஜஸீலா சாட்சி. சொன்ன மறுகணமே வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐந்து மாத உழைப்பு மின்விசிறி மாதிரி கைமாறிவிடுமே!

ஊரைத் தாண்டும்வரை சைக்கிள் பறந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஜெயமேரியைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். குரும்பகரத்தை நெருங்கும்போது தார் ரோட்டையே காணோம். அறுத்த உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள், வண்டிகள் ஏறிக் காய்ந்த நெத்தை உடைத்துக் கொடுக்கட்டும் என்று. வருஷா வருஷம் பங்குனியில் நடப்பதுதான். இருபது வருஷமாக வாத்தியாரே அதன்மேல் ஸ்கூட்டர் ஓட்டிப் போயிருக்கிறார். நோட்டில் கணக்குப் போடும்போது மட்டும் மறந்துபோனார்.

ஓரத்தில் நின்ற அல்லி கையை ஆட்டினாள். உளுந்து அவளுடையது. "ஏறியே வாங்க சார், ஏறியே வாங்க!"

ஏறினார். ஒல்லி டயர் வழுக்கியது, செடி சங்கிலியில் சுற்றிக்கொண்டது, வாத்தியார் உளுந்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜெயமேரி வந்தாள்.

"கால் ஊனல. உக்காந்துதான் இருக்கேன்" என்றார் வாத்தியார்.

"சரிங்க. எந்திரிங்க, பாப்போம்."

கால் ஊன்றாமல் எப்படி எழுவது? கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குள் அல்லி குனிந்து செடியைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒங்க சைக்கிள் ஏறுன எடத்துல ஒரு நெத்துகூட ஒடையல சார். நீங்க உக்காந்த எடத்துலதான் நல்லா உதுந்திருக்கு. அந்தப் பக்கமும் ஒருக்கா விழுந்துட்டுப் போங்களேன்."

வாத்தியார் கால் ஊன்றி எழுந்தார்.

கடைக்குத் திரும்பியதும் ஜெயமேரி தடித்த டயர் சைக்கிள்களில் குட்டையானதைத் தொட்டாள்.

"அது சாருக்குச் சின்னது அக்கா" என்றாள் ஜஸீலா.

"தெரியும்மா. சீட்ட எறக்கு."

துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கால் விரல்கள் தரையில் பதிந்தன.

"எட்டுமான்னு அப்பவே கேட்டேன்ல? எட்டுதுங்க."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஊர் ரோட்டையெல்லாம் அளந்தவர் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜஸீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாட்சி அல்லவா. ஜெயமேரி நீட்டிய ஸ்கூட்டர் சாவியைப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.